ஹிட்ச் நாட்குறிப்பு: பூட்டும் துருவும்

அக்டோபர் 4, சனி

பயணமெல்லாம் முடிந்து டிரெய்லரைக் கழற்றி நிறுத்தியாயிற்று. அதே வரிசையில் நிற்கும் இன்னொரு பிக்கப்பின் தொட்டியில் இருந்த ஃபிஃப்த் வீல் ஹிட்ச் (தொட்டிக்குள் பொருத்தி டிரெய்லரை மாட்டி இழுக்கும் இரும்பு இணைப்பு), நேற்று இரவோடு இரவாகக் காணாமல் போயிருக்கிறது. வண்டிக்காரர் கூப்பிட்டுக் காட்டினார். அறுத்த தடமும் இல்லை, நெம்பிய தடமும் இல்லை. தொட்டியின் தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு பட்டைகளும் அப்படியே இருக்கின்றன. ஹிட்சின் கால்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் அழுக்குப் படியாத நான்கு சதுரங்கள், ஓரத்தில் ஒரு ஸ்பிரிங் கிளிப்.

"ராத்திரி நாய்கூடக் குரைக்கலையே சார்" என்றார். எதற்குக் குரைக்கும்? சத்தமே வந்திருக்காது. கிளிப்பை இழுத்தால் காலைப் பிடித்திருக்கும் 'பின்' என்ற இரும்புக் குச்சி கையோடு வரும், அது வந்தால் கால் வரும். தொட்டியில் சரக்கு ஏற்ற வேண்டிய நாளில் சட்டென்று கழற்றிவிடலாம் என்பதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நமக்கு வைத்த சௌகரியம் வந்தவனுக்கும் பயன்பட்டிருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் முதல் வேலையாக என்னுடைய ஹிட்சைக் குனிந்து பார்த்தேன். இது இரண்டு துண்டு. கீழே கால்களோடு கூடிய அடிப்பாகம். மேலே டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தடித்த இரும்பு முளையான கிங் பின்னைக் கவ்வும் தாடையும் தட்டும் சேர்ந்த தலை. அடிப்பாகம் பட்டையோடு நான்கு பின்களால் நிற்கிறது, தலை அடிப்பாகத்தோடு தனியாக வேறு பின்களால் நிற்கிறது.

பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். ஒரு காலில் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். விலை உயர்ந்த பாகம் தலைதான். அது தன்னுடைய பின்களை உருவிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடும். காலில் ஒன்று, தலையில் ஒன்று என்று குறைந்தது இரண்டு பூட்டு வேண்டும்.

தொட்டி நடுவில் ஒற்றை உருண்டை வைத்திருக்கும் கூஸ்நெக் என்ற வேறு வகை ஹிட்ச்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கழற்றும் மாதிரியாக இருந்தால் 2 5/16 அங்குல உருண்டையை எடுத்து சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டு, துளையை ஒரு மூடியால் அடைத்தால் வேலை முடிந்தது. மூடிக்கு அடியில் தண்ணீரும் மண்ணும் சேர்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

அக்டோபர் 11, சனி

பூட்டு வேட்டை. ஸ்கேலை வைத்து அளந்தால் துளையின் அளவு சரியாகக் கிடைக்காது. டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தேன், இறுக்கமில்லாமல் ஆடாமல் போகும் பிட்தான் அளவு. வண்டியின் பின்பக்கத்தில் சதுரக் குழாயாக இருக்கும் ரிசீவர் என்றால் இந்தத் தொல்லை கிடையாது. 2 அங்குல ரிசீவருக்கு 5/8 அங்குல பின், 1 1/4 அங்குலத்துக்கு அரை அங்குல பின் என்பது வழக்கமான அளவு.

ஃபிஃப்த் வீலில் இழுவையின் பாரத்தைத் தாங்குவது அந்தந்த ஹிட்சோடு வந்த பின். அதை எடுத்துவிட்டு "பூட்டும் பின்" என்று எதையாவது செருகக் கூடாது, அதே ஹிட்சுக்கென்று செய்ததாக இருந்தால் ஒழிய. நான் பின்னைத் தொடவில்லை. பின்னின் நுனியில் கிளிப் நுழையும் சிறு துளையில் கிளிப்புக்குப் பதிலாகப் பூட்டின் வளையத்தை நுழைத்தேன். பாரம் பின் மேலேயே நிற்கிறது, பூட்டு வெறும் காவலாள்.

வளையம் வெளியே நீண்டு தொங்கும் பூட்டு வேண்டவே வேண்டாம். போல்ட் கட்டரின் வாய் நுழைய இடம் கொடுத்தால் எவ்வளவு தடித்த வளையமும் ஆபத்துதான். உடம்போடு ஒட்டிய குட்டை வளையம் நல்லது. பேட்டரி கிரைண்டர் முன்னால் எந்தப் பூட்டும் கடைசிவரை நிற்காது, தெரியும். ஆனால் கிரைண்டர் கத்தும், பொறி பறக்கும், நேரமும் எடுக்கும். அந்த மூன்றையும் திருடன் விரும்ப மாட்டான். இரண்டு பூட்டுக்கும் ஒரே சாவி பொருந்தும் ஜோடியாக வாங்கினேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

தொடர்ந்து மழை. இன்று பூட்டைத் திறக்கப் போனால் சாவி பாதிதான் போகிறது. அட்டையில் "எல்லா வானிலைக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பூட்டு! சாவித்துவார மூடி ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு, அவ்வளவுதான். தண்ணீரோடு தொட்டியில் இருந்த நுண்மணலும் உள்ளே போயிருந்தது.

தண்ணீரை விரட்டும் ஸ்பிரேயை அடித்துக் கழுவினேன். 1953இல் வந்த டபிள்யூடி 40 என்ற பெயரின் பொருளே அதுதான்: தண்ணீரை இடம்பெயர்க்கும் கலவை, 40ஆவது முயற்சி. விரட்டுவதற்கு அது சரி. உயவுக்கு அதையே நம்பி விட்டுவிட்டால் சில வாரத்தில் மறுபடியும் காய்ந்துவிடும். அதனால் உலரவிட்டு, டெஃப்லான் கலந்த உலர் உயவை ஊதினேன். கிராஃபைட் தூளும் நல்லதுதான், ஆனால் எண்ணெய் பட்ட பூட்டில் போட்டால் இரண்டும் சேர்ந்து கறுப்புச் சேறாகிவிடும்.

பிறகு இரண்டு பூட்டையும் சாவித்துவாரம் தரையைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். மழை உள்ளே இறங்காது, இறங்கினாலும் வடிந்துவிடும். கிரைண்டர் பிடிக்கவும் அந்தக் கோணம் கஷ்டம். திருட்டுக்கும் மழைக்கும் ஒரே பரிகாரம் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒன்றுக்குச் செய்வது மற்றதைக் கெடுக்கிறது. துருவேறி இறுகிய பூட்டைத் திறக்கக் கடைசியில் கிரைண்டர் பிடிப்பவன் வண்டிக்காரனாகத்தான் இருப்பான்.

அக்டோபர் 25, சனி

உறை. முதலில் தடித்த வினைல் துணியைப் போர்த்தி அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தேன். மழை ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. இன்று காலை அவிழ்த்தால் உட்புறம் முழுக்கத் துளித்துளியாக நீர், தலையின் தட்டின் மேல் விரலால் கோடு போடலாம். இரவில் இரும்பு சில்லிட்டுப்போகிறது, உள்ளே அடைபட்ட ஈரக் காற்று அதன் மேல் படிந்து நீராகிறது. இறுக்கிக் கட்டியதால் வெளியேற வழியில்லை.

இப்போது காற்று புகும் துணி உறை, கீழே நான்கு விரல் இடைவெளி. காற்றில் படபடத்துப் பெயிண்ட்டைத் தேய்க்காமல் இருக்க நடுவில் ஒரு பட்டை. தொட்டியின் வடிகால் துளைகளில் அடைத்திருந்த இலைச் சருகையும் குத்தி எடுத்தேன். உறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கால்கள் குட்டையில் நின்றால் என்ன லாபம்?

பொருளை மறைக்க உறை உதவுமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. போர்த்தியிருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த உருவமே சொல்லிவிடுகிறது. டெயில்கேட்டைப் பூட்டி வைப்பது அதைவிட மேல். அறுபது எழுபது கிலோ இரும்பைப் பக்கச் சுவருக்கு மேலாகத் தூக்கி இறக்குவது வேறு, திறந்த கதவு வழியாக இழுப்பது வேறு.

நவம்பர் 2, ஞாயிறு

வெயில் வந்தது, துரு வேலை. தாடைக்குள் இருந்த பழைய கிரீஸைத் துணியால் வழித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது. தூசி கலந்த கிரீஸ் இரும்பை அரைக்கும் பசை. முழுக்கத் துடைத்து மண்ணெண்ணெயில் கழுவி, புதிதாக மெல்லிய பூச்சு மட்டும் கொடுத்தேன். தட்டின் மேல் நான் பிளாஸ்டிக் வட்டு பயன்படுத்துவதால் அங்கே கிரீஸே கிடையாது, தூசியும் ஒட்டுவதில்லை.

வெல்டிங் ஓரங்களில் துரு கிளம்பியிருந்தது. கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி. செம்பழுப்பு கண்ணெதிரே கறுக்கிறது. அதன் மேல் பிரைமர், பிறகு பெயிண்ட். தாடையின் உட்புறம், கைப்பிடியின் திருகுமுனை, பின்கள் மூன்றிலும் பெயிண்ட் படக் கூடாது.

பிரஷைத் தொடுவதற்கு முன் செய்தது ஒன்று: வரிசை எண் பொறித்த தகட்டைப் படமெடுத்து, அதன் மேல் டேப் ஒட்டினேன். அழகாகப் பெயிண்ட் அடித்து அந்த எண்ணை மூடிவிட்டால், நாளைக்குக் களவுபோனால் போலீசிலும் இன்சூரன்சிலும் சொல்ல அடையாளம் ஏது? வெளியில் தெரியாத இடத்தில் என் அடையாளம் ஒன்றையும் பஞ்ச் உளியால் அடித்து வைத்தேன்.

நவம்பர் 15, சனி

பட்டைகளின் போல்ட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்தேன். ஹிட்சைப் பறிகொடுத்தவர் வந்து நின்று, எல்லாவற்றையும் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றிவிடலாமே என்றார். கூடாது. கிரேடு 8 என்ற உயர்வலிமை எஃகு போல்ட்டின் இழுவலிமை சுமார் 1030 மெகாபாஸ்கல், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2 70 ஸ்டெயின்லெஸ் 700தான். உறையின் கொக்கிக்கு ஸ்டெயின்லெஸ் போடுங்கள், டிரெய்லரை இழுக்கும் போல்ட்டில் வேண்டாம் என்றேன். முகம் சுருங்கியது, ஆனால் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 29, சனி

அடுத்த பயணத்துக்கு மாதக்கணக்கில் நாள் இருக்கிறது. தலையைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி இறக்கி, உள்ளே மரக்கட்டைகள் மேல் வைத்தாயிற்று. சிமெண்ட் தரையில் நேராக வைத்தால் அடியில் ஈரம் பிடிக்கும். அடிப்பாகம் தொட்டியிலேயே பூட்டோடு இருக்கட்டும், தலையில்லாமல் அது யாருக்கும் அவ்வளவு உதவாது. ஞாயிறுதோறும் பூட்டுகளில் சாவியை ஒருமுறை திருப்பிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அடுத்தது டிரெய்லர் பக்கத்துக் கிங் பின்னுக்கு ஒரு பூட்டு. அதன் விட்டம் வழக்கமாக 2 அங்குலம் என்பதால் டிரில் பிட் வேலை இல்லை. அடிப்பக்கம் முழுக்க மூடிய மாதிரியாக, அதில் வடிகால் துளையும் இருப்பதாகத் தேட வேண்டும்.