குவிட்டைக் கொண்டே இரைச்சலை அளத்தல்

மீக்கடத்தியால் (மின்தடையற்ற பொருளால்) ஆன குவிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு, ஒன்றைப் பாதிக்கும் இரைச்சலை (சுற்றுப்புறத்தின் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களை) அளக்க அந்தக் குவிட்டையே கருவியாக்கலாம் என்பதுதான் இத்துறையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. 1950இல் எர்வின் ஹான் அணுக்கருக்களின் தற்சுழற்சியில் கண்டறிந்த எதிரொலி முறையே இதற்கு அடித்தளம். குவிட்டை 0, 1 ஆகிய இரு நிலைகளும் கலந்த மேற்பொருந்து நிலையில் வைத்து, சம இடைவெளிகளில் அதை 180 பாகை புரட்டும் நுண்ணலைத் துடிப்புகளைச் செலுத்தினால், மெதுவாக மாறும் காந்தப்புலத்தின் விளைவு பெரும்பாலும் தன்னைத்தானே ஈடுசெய்துகொள்ள, துடிப்புகளின் தாளத்தோடு ஒத்துப்போகும் இரைச்சலே முதன்மையாகக் குவிட்டின் கட்டத்தை, அதாவது அவ்விரு நிலைகளின் அலைகளுக்கிடையேயான பெயர்ச்சியை, குலைக்கிறது. துடிப்புகளுக்கிடையே ஒரு மைக்ரோவினாடி விட்டால், ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் பிடிபடும். இடைவெளியைக் குறைக்கக் குறைக்க உயர்ந்த அதிர்வெண்கள் தெரியவரும்.

2011இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் 0.2 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை இவ்வாறு அளந்து, அதிர்வெண் கூடக்கூட இரைச்சல் ஏறக்குறைய தலைகீழ் விகிதத்தில் குறைவதைக் காட்டினர். குவிட்டின் ஆயுளை (அது தன் நிலையைத் தக்கவைக்கும் நேரத்தை) ஒற்றை எண்ணாகச் சொல்வதைவிட, அதிர்வெண்வாரியாக இரைச்சலைக் காட்டும் இந்த நிறமாலையை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் குறை எங்கிருந்து வருகிறது என்று தேடுவதற்கு அதுவே வழிகாட்டுகிறது. காந்தப்புலம் ஏறி இறங்குவதால் எழும் காந்தப்பாய இரைச்சலில் அத்தேடல் மீக்கடத்திப் படலத்தின் மேற்பரப்புக்கே கொண்டுசென்றது. அங்கு ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் முக்கியக் காரணமாகலாம் என்பதற்குப் பின்னாளில் சான்றுகளும் கிடைத்தன.