டயர்டுக்கு இரண்டு வால்

இரண்டு மாதமாக இழுத்தடித்த ஒரு வேலை ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிந்தது. மேலாளருக்கு அறிக்கை அனுப்பும்போது, கொஞ்சம் மனம்விட்டுத்தான் எழுதுவோமே என்று கடைசி வரியாக ‘ஐ ஆம் டயர்ட் ஆஃப் திஸ் புராஜெக்ட்’ என்று சேர்த்தேன். வேலை பார்த்துக் களைத்துவிட்டேன், இனி இரண்டு நாள் தூங்கப்போகிறேன் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

திங்கட்கிழமை காலை முதல் அழைப்பே அவரிடமிருந்துதான். வேறு குழுவுக்கு மாறிக்கொள்ள விருப்பமா, கூட வேலை செய்பவர்களோடு ஏதாவது மனத்தாங்கலா என்று பதமாக விசாரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழைப்பை வைத்துவிட்டு நான் அனுப்பியதைத் திரும்பப் படித்தேன். அப்போதும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அகராதியைப் பார்த்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ‘டயர்ட் ஃப்ரம்’ என்றால் களைப்பு. ‘டயர்ட் ஆஃப்’ என்றால் சலிப்பு, வெறுத்துப்போன நிலை. நமக்கு அதற்கு இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வாலை மட்டும் மாற்றிவிடுகிறது. ‘இந்த வேலையே எனக்கு வெறுத்துப்போச்சு’ என்று மேலாளருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன்!

அன்றைக்குத்தான் இந்த வால்களைப் பிடித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். அட்ஜெக்டிவ் (‘டயர்ட்’ போலத் தன்மையைச் சொல்வது), ப்ரெபொசிஷன் (‘ஆஃப்’, ‘ஃப்ரம்’ போன்ற வால்) எல்லாம் பள்ளியில் தனித்தனிப் பாடமாகப் படித்தவைதான். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொன்னதாக நினைவில்லை. சொல்லியும் இருக்கலாம், நான் கவனித்திருக்க மாட்டேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். அகரவரிசைப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ‘அக்கஸ்டம்ட் டு’, ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று உருப்போட்டேன். பத்து நாளில் எல்லாம் குழம்பிவிட்டது. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த சொற்கள் வாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றன. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்ததாக ஒரு குறுக்குவழி தோன்றியது, தமிழ் வேற்றுமை உருபுகளுக்கு நேராக ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்துக்கொள்வது. ‘இல்’ என்றால் ‘இன்’, ‘ஓடு’ என்றால் ‘வித்’, ‘இருந்து’ என்றால் ‘ஃப்ரம்’. இசையில் ஆர்வம், ‘இன்ட்ரஸ்டட் இன் மியூசிக்’. சரி. அதிலிருந்து வேறுபட்டது, ‘டிஃபரன்ட் ஃப்ரம் தட்’. அதுவும் சரி. இந்த இரண்டும் பொருந்திவிட்டதுதான் வினை. அந்தத் தெம்பில் கணக்கில் கெட்டி என்பதை ‘குட் இன்’ என்றும், அவர்மேல் கோபம் என்பதை ‘ஆங்ரி ஆன்’ என்றும், அவரோடு கல்யாணம் என்பதை ‘மேரீட் வித்’ என்றும் எழுதிக்கொண்டு போனேன். அங்கே அவை ‘குட் அட்’, ‘ஆங்ரி வித்’, ‘மேரீட் டு’. நாம் பாம்புக்குப் பயம் என்கிறோம், பாம்பிடம் பயம் என்கிறோம், பாம்பைக் கண்டால் பயம் என்றும் சொல்கிறோம். மூன்றுக்கும் அங்கே ஒரே ‘ஆஃப்’தான். எந்த உருபை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது?

விடை ஒரு சாதாரணத் தொலைபேசிக் கூட்டத்தில் கிடைத்தது. நான் எதற்கோ தயங்கிக்கொண்டிருக்க, எதிர்முனையில் ஒருவர் ‘வாட் ஆர் யூ வொரீட் அபவுட்?’ என்று கேட்டார். ஆயிரம் முறை காதில் விழுந்த வாக்கியம்தான். அன்றைக்கு மட்டும் அந்தக் கடைசிச் சொல் தனியாகக் கேட்டது. ‘எதை’ என்ற கேள்விச் சொல் வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது, ‘அபவுட்’ மட்டும் ‘வொரீட்’ பக்கத்திலேயே நின்றுவிட்டது. தமிழில் இப்படி நடக்கவே நடக்காது. ‘எதைப் பார்த்துப் பயம்?’ என்று கேட்டால் ‘ஐ’ என்ற உருபு ‘எது’வோடு ஒட்டிக்கொண்டே போகும், பயத்தோடு தங்காது. நான் இத்தனை நாளும் அந்தச் சின்னச் சொல்லைப் பின்னால் வரும் பெயரின் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தேர்ந்தெடுப்பது முன்னால் நிற்கும் அட்ஜெக்டிவ். பாம்போ பேயோ தேர்வோ, எது வந்தாலும் ‘அஃப்ரெய்ட்’ என்றால் ‘ஆஃப்’.

(இப்படி வாக்கியத்தின் கடைசியில் ப்ரெபொசிஷனை விடுவது அழகல்ல என்று 1672-லேயே ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் குறைப்பட்டிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்து இலக்கண ஆசிரியர்கள் நிறையப் பேரைத் திட்டியிருக்கிறார்கள். ஆங்கிலம் பேசுபவர்கள் சட்டை செய்யவில்லை. அவர்கள் சட்டை செய்யாததால்தான் எனக்கு விஷயம் விளங்கியது.)

அதன் பிறகு நோட்டைத் தலைகீழாக மாற்றினேன். ப்ரெபொசிஷன் வாரியாக எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, ஒரு அட்ஜெக்டிவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினேன். பக்கத்தின் தலைப்பில் ‘வாட் ஆர் யூ வொரீட் அபவுட்?’ போன்ற கேள்வி வடிவம், அதற்குக் கீழே என் வாழ்க்கையிலிருந்து நாலு வாக்கியம். ‘குட்’ பக்கம்தான் முதலில் நிரம்பியது. ‘குட் அட்’ என்றால் அதில் கெட்டிக்காரர். ‘குட் வித்’ என்றால் பிள்ளைகளையோ கருவிகளையோ பக்குவமாகக் கையாளத் தெரிந்தவர். ‘குட் ஃபார்’ என்றால் உடம்புக்கோ மனதுக்கோ நல்லது. ‘குட் டு’ என்றால் நம்மை நல்லபடி நடத்தியவர். அகராதியில் முதல் வரியில் ‘நல்ல’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். நாலில் இரண்டுக்கு அந்தச் சொல்லே பொருந்தவில்லை.

‘சாரி’ பக்கம் கொஞ்சம் வலித்தது. ‘சாரி அபவுட்’ என்றால் நடந்ததற்கு வருத்தம். ‘சாரி ஃபார்’ போட்டு, பின்னால் நாம் செய்த தவறைச் சொன்னால் மன்னிப்பு. அதே ‘ஃபார்’ போட்டு ஆளைச் சொன்னால் ‘ஐயோ பாவம் நீங்கள்’. வேலை தாமதமாகிப்போனதற்காக ஒரு வாடிக்கையாளருக்கு நான் எப்போதோ ‘ஐ ஆம் சாரி ஃபார் யூ’ என்று எழுதியது நினைவுக்கு வந்தது. அவரிடமிருந்து பதிலே வராததன் காரணம் அந்தப் பக்கத்தை எழுதும்போதுதான் புரிந்தது.

வாலுக்குப் பிறகு வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேர வேண்டும் என்பது பெரிதாகத் தொல்லை தரவில்லை, ஒன்றைத் தவிர. ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி’ என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’ என்றால் சீக்கிரம் எழுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. இரண்டாவதில் ‘யூஸ்ட்’ ஒரு அட்ஜெக்டிவ், ‘டு’ அதன் வால். ஒரு ‘ஆம்’, ஒரு ‘இங்’ விட்டுப்போனால் ஆள் சோம்பேறியாகிவிடுவார்.

வாலை வெட்ட வேண்டிய இடமும் உண்டு. பின்னால் ‘தட்’ போட்டு ஒரு முழு வாக்கியம் வந்தால் ப்ரெபொசிஷன் உதிர்ந்துவிடும். ‘அஃப்ரெய்ட் ஆஃப் த எக்ஸாம்’, ஆனால் ‘அஃப்ரெய்ட் தட் ஐ வில் ஃபெயில்’. பாடுபட்டு ‘ஆஃப்’ஐ மனதில் ஏற்றியவன், இங்கேயும் அதை விடாமல் ‘அஃப்ரெய்ட் ஆஃப் தட் ஐ வில்’ என்று சில மாதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதிக நாள் பிடித்தது ‘அண்ட்’. கேட்டால் சிரிப்பாக இருக்கும். என் தற்குறிப்பில் ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட் அண்ட் குட் அட் டீச்சிங்’ என்று ஒரு வரி வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. படித்தால் சரளமாகத்தான் ஓடும். கேள்வி வடிவத்தை வைத்துச் சோதித்தேன். ‘இன்ட்ரஸ்டட்’ கேட்பது ‘இன்’, ‘குட்’ கேட்பது ‘அட்’. இரண்டுக்கும் வேறு வேறு வால், நான் ஒன்றை மட்டும் போட்டிருக்கிறேன். ‘இன்ட்ரஸ்டட் இன் அண்ட் குட் அட் டீச்சிங்’ என்று இரண்டையும் எழுதியாக வேண்டும். ‘ப்ரவுட்’, ‘ஃபாண்ட்’ போல இரண்டுக்கும் ஒரே ‘ஆஃப்’ என்றால் கடைசியில் ஒன்று போதும். நம் ‘உம்’ எவ்வளவு நேர்மையானது என்று அப்போது தோன்றியது. ஆர்வமும் திறமையும் என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடும், யாரையும் ஏமாற்றாது.

அதே ‘அண்ட்’ சில இடத்தில் ‘உம்’ வேலையே செய்வதில்லை. ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்றால் நல்லதும் வெதுவெதுப்பும் என்று இரண்டு குணங்கள் இல்லை, இதமான வெதுவெதுப்பு என்ற ஒன்றுதான். ‘சிக் அண்ட் டயர்ட் ஆஃப்’ என்றால் நோயும் இல்லை, களைப்பும் இல்லை, பொறுமை எல்லை கடந்துவிட்டது என்று பொருள். நல்லவேளை, அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இது தெரியாது.

‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘சீனியர்’, ‘ஜூனியர்’ நான்கும் ஒப்பீட்டுச் சொற்கள் என்றாலும் ‘தேன்’ (நம் ‘விட’) கேட்காமல் ‘டு’ கேட்பவை. லத்தீனில் ஒப்பீட்டு வடிவங்களாகவே இருந்து ஆங்கிலத்துக்கு வந்தவை. காரணம் தெரிந்ததும் மனதில் தங்கிவிட்டது, உருப்போட வேண்டியிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படிக் காரணம் கிடைப்பதில்லை. ‘டிஃபரன்ட்’டுக்கு ‘ஃப்ரம்’ எங்கேயும் செல்லும், பிரிட்டனில் ‘டு’வும் போடுகிறார்கள், அமெரிக்காவில் ‘தேன்’ சகஜம். நான் ‘ஃப்ரம்’ஓடு நிறுத்திக்கொண்டேன். ‘போர்ட்’ (அலுத்துப்போன) பக்கத்தில் ‘வித்’ என்று பேனாவால் எழுதியிருந்தேன். கூட வேலை செய்யும் இளையவர்கள் எல்லோரும் ‘போர்ட் ஆஃப்’ என்கிறார்கள். கண்டிப்பான ஆசிரியர்கள் தப்பு என்பார்கள், ஆனால் நாளுக்கு நாள் அதுதான் அதிகம் காதில் விழுகிறது. அதனால் ‘வித்’ பக்கத்தில் ‘ஆஃப்’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால்.