வெட்டுவரைக்கும் விடலாமா?

மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் களை உவமைதான் அன்றைய பாடம்: கோதுமை வயலில் சத்துரு களை விதைத்துவிடுகிறான், பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்க, அறுப்புவரைக்கும் இரண்டையும் வளரவிடுங்கள் என்கிறார் வீட்டெஜமான். ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கான ஆயத்த வகுப்பு. மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் செய்கிற ஒருவர், நெல்லுக்குள் களையாக முளைக்கும் பன்றிநெல்லை வைத்து இடையில் மறித்தார்: "பன்றிநெல்ல வெட்டுவரைக்கும் விட்டா, வெட்டுக்கு முந்தியே கொட்டிரும் ஐயா. மறுகா அடுத்த போகம் வட்டை முழுக்க அதுதான். அப்படி விட்டா போடியார் எங்கள வெச்சிருப்பாரா?"

(வட்டை என்றால் வயல்வெளி, போடியார் வயலின் சொந்தக்காரர்.) எல்லாரும் சிரித்தார்கள். பதில் கைவசம் இருந்தது, சொன்னேன்.

உவமையில் வருவது பன்றிநெல் அல்ல. அந்நாட்டுக் கோதுமை வயல்களில் முளைக்கும் ஒரு நச்சுப் புல், தாவரவியலில் லோலியம் டெமுலெண்டம். கதிர் வரும்வரை கோதுமைக்கும் அதற்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். அடையாளம் தெரிகிற நேரத்தில் வேர்கள் பின்னிப் போயிருக்கும், ஒன்றை இழுத்தால் மற்றதும் வரும். ஆனால் அதன் மணி சட்டென்று உதிராது. கோதுமையோடு அறுபட்டு, விதை மூட்டைக்குள் புகுந்து, மறு வருஷம் விதைக்கிறவன் கையாலேயே வயலுக்குத் திரும்புவதுதான் அது பிழைக்கிற வழி. மாவில் கலந்தால் தலைச்சுற்றும் வாந்தியும் வரும். ஆகவே அறுப்பு நாளில் முதலில் களையைக் கட்டுகளாகக் கட்டி எரிக்கச் சொன்ன வீட்டெஜமானுக்கு விவசாயம் தெரியும்.

பன்றிநெல்லின் குணம் இதற்கு நேர்மாறு. அதுவும் நெல் இனம் என்பதால், நின்ற பயிருக்குள் அதை மட்டும் தேடிக் கொல்லும் மருந்து நம்மவர் கையில் இல்லை. முதல் உழவுக்குப் பிறகு நிலத்தை நனைத்துக் கிடந்த விதையை முளைக்கவிட்டு, கிட்டத்தட்ட இரண்டு கிழமை கழித்துத் திரும்ப உழ வேண்டும். விதைநெல் சுத்தமாக இருக்க வேண்டும். வெட்டு மெஷின் பக்கத்து வட்டையிலிருந்து வந்தால், இறக்குமுன் துப்புரவாக்க வேண்டும். அதற்கும் தப்பி, பயிருக்கு மேலே தலை நீட்டுகிற கதிர்களை உதிருமுன் அரிந்தெடுக்க வேண்டும். பொறுத்திருந்தால் நட்டம்தான்.

இந்தப் பதிலில் பிழை இல்லை, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அவர் புல்லைப் பற்றித்தான் கேட்டாரா என்பது பிடிபடவில்லை. அந்தச் சபையில் அப்போது ஒருவரை, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் சேர்ப்பதா விலக்குவதா என்று இழுபறி. நிர்வாகக் குழு இதே உவமையைக் காட்டி விஷயத்தை ஒத்திப்போட்டிருந்தது. வகுப்பில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். வயல்காரர் களையைப் பற்றிக் கேட்பது இயல்பு, அதற்குள் வேறு அர்த்தம் தேடக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துப் பார்க்கிறேன், நிற்கவில்லை. போடியாரை ஏன் இழுத்தார்?

இது பழைய வழக்கு. வட ஆபிரிக்காவில், சபை தூய்மையாகவே இருக்க வேண்டும் என்று பிரிந்து நின்ற டொனாட்டியர்களுக்கு எதிராக ஆயர் அகுஸ்தீன் இந்த உவமையைத்தான் எடுத்தார்: சபைக்குள் நல்லதும் கெட்டதும் கலந்தே இருக்கும், பிரிப்பது கடைசி நாளின் வேலை. 411இல் கார்த்தேஜில் கூடியபோது டொனாட்டியர்கள் 38ஆம் வசனத்தைக் காட்டினார்கள். நிலம் உலகம் என்றுதான் இயேசு சொன்னார், சபை என்று சொல்லவில்லையே. வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் பக்கம் பலம் உண்டு. அவர்கள் கேட்ட தூய்மை சபையை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தால் அகுஸ்தீன் பக்கம் சாய்கிறேன்.

வகுப்பெடுக்கிறவர்கள் அநேகமாகத் தவறவிடுகிற ஓரிடம் உண்டு. உவமை 24 முதல் 30 வரை. இடையில் கடுகுவிதையும் புளித்தமாவும் வந்துபோக, விளக்கம் 36இல் வீட்டுக்குள் தொடங்குகிறது. விதைக்கிறவர், நிலம், நல்ல விதை, களை, சத்துரு, அறுப்பு, அறுக்கிறவர்கள் என்று ஏழுக்கும் பொருள் வருகிறது. "பிடுங்கட்டுமா?" என்று கேட்ட வேலைக்காரர் யார் என்பதற்குப் பொருள் இல்லை. வளரவிடுங்கள் என்ற கட்டளையும் விளக்கத்துக்குள் வரவில்லை. சண்டை முழுக்க நடப்பது அந்த வரியின் மேல். 47இல் வரும் வலை உவமையில் இந்தச் சிக்கல் கிடையாது. கரைவலை இழுக்கிற ஊரில், மீன் சேரும் வலைமடி கரைக்கு வருமுன் மீன் பிரிக்கச் சொல்ல யாரும் இல்லை.

பொறுமையைப் போதிக்க இந்த உவமையை எடுப்பது நியாயம். ஒத்திப்போட எடுப்பதும் நியாயமா என்பதில்தான் தடுமாறுகிறேன். இதே மத்தேயு 18:15 முதல் 17 வரை வரிசை வைத்திருக்கிறார்: முதலில் தனியே போய்ப் பேசு, கேளாவிட்டால் ஒருவர் இருவரைக் கூட்டிப் போ, பிறகு சபைக்குச் சொல், அதற்கும் கேளாவிட்டால் அவன் உனக்குப் புறம்பானவன். பிடுங்குவதற்கும் சும்மா விடுவதற்கும் நடுவே இவ்வளவு வேலை கிடக்கிறது. அந்தச் சபையில் முதல் படிகூட நடந்ததாக நான் கேள்விப்படவில்லை. வகுப்பில் அதைத் திறந்திருந்தால், அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி எல்லாரும் பேசத் தொடங்கியிருப்பார்கள். அதைத் தடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். கேட்டவருக்கு லோலியம் டெமுலெண்டம் போதுமானதாக இருந்ததா என்பது வேறு கேள்வி.