எல்லெர்ஹைன்: தாலின் நகரின் பெண்கள் சேர்ந்திசைக் குழு

எஸ்டோனியாவுக்கு முதல் கிராமி விருது கிடைத்தது 2004-இல். பாவோ யார்வி நெறிப்படுத்திய, ஃபின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸின் காண்டாட்டாக்கள் (பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் நெடும்பாடல்கள்) அடங்கிய அந்த இசைத்தட்டில், எஸ்டோனியத் தேசிய சிம்பொனி இசைக்குழுவுடனும் தேசிய ஆண்கள் சேர்ந்திசைக் குழுவுடனும் பாடியவர்கள், தலைநகர் தாலினைச் சேர்ந்த எல்லெர்ஹைன் குழுவின் இளம்பெண்கள். பாட்டையே தொழிலாகக் கொண்ட ஆண்களின் கனத்த குரல்களுக்கு மேலே, நடுக்கமோ இழுவையோ இன்றி அவர்கள் சுருதியில் நிற்பதைக் கேட்டபோதுதான், இப்படியொரு பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

சோவியத் ஆட்சிக்காலத்தில், 1951-இல், ஹெய்னோ கல்யுஸ்தே எல்லெர்ஹைனைக் குழந்தைகள் குழுவாகத் தொடங்கினார். விருதுகளைவிட அவருடைய கற்பிக்கும் முறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஹங்கேரிய இசையமைப்பாளரும் இசைக்கல்வியாளருமான கோடாய் வகுத்த வழியைத் தழுவி, 'யோ, லே, மி' என்று தொடங்கும் சுரப்பெயர்களை அவர் எஸ்டோனியப் பள்ளிகளில் பரப்பினார். நம் சட்ஜத்தைப் போலவே 'யோ'வுக்கும் நிலையான சுருதி கிடையாது. எந்த சுருதியிலும் அதை வைத்துக்கொண்டு, மற்ற சுரங்களை அதிலிருந்துள்ள தொலைவால் அறியலாம். பியானோவின் துணையில்லாமலே, அச்சிட்ட இசைக்குறிப்பைப் பார்த்தவுடன் மனத்துக்குள் கேட்கும் திறன் பிள்ளைகளுக்கு இவ்வாறு பழகிவிடுகிறது. சரளி வரிசையில் தொடங்கிய நமக்கு இது விளங்கக் கடினமில்லை. ஆனால் ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் வெவ்வேறு வழியில் செல்லும்போதும் தன் சுரத்தை விடாமல் பிடித்திருப்பது வேறு வகைச் சாதகம்.

அந்தச் சாதகத்தின் பலன் பள்ளி வயதோடு முடிந்துவிடவில்லை. எல்லெர்ஹைன் என்ற பெயரிலேயே இயங்கிய பெரியவர்களின் சிறுகுழுவிலிருந்துதான், ஹெய்னோவின் மகன் தெனு கல்யுஸ்தே 1981-இல் எஸ்டோனிய ஃபில்ஹார்மோனிக் சேம்பர் குழு என்ற சிறு சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் படைப்புகளைப் பாடி அதுவும் பின்னர் கிராமி வென்றது.

ஹெய்னோவுக்குப் பின் எல்லெர்ஹைன் பெண்கள் குழுவை நெடுங்காலம் நடத்தியவர் தீயா எஸ்தர் லொய்ட்மே. இளம்வயதில் சோவியத் அரசால் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர் அவர். கிராமி வந்தபோது எழுபதைத் தொட்டிருந்த அவர், அதன்பிறகும் பல ஆண்டுகள் ஒத்திகைகளை நடத்தி, குழுவை இங்ரித் கெர்விட்ஸிடம் ஒப்படைத்தார்.