கிரிகல்பொத்த ஏறப் போகும் வன்னி ஆட்களுக்கு

ஓகஸ்ட் விடுமுறைக்கு மலை ஏறலாம் என்று யாராவது வான் பிடித்துத் தருவதாகச் சொன்னால், தயவுசெய்து முற்பணம் கட்டாதீர்கள். எங்கள் முற்பணம் இன்றுவரை திரும்பி வரவில்லை.

ஏற்பாடு செய்தவர் வவுனியாவில் ஒரு வான்காரர். "மலைநாட்டிலயும் இப்ப கோடைதான் அண்ணை, ஒரு துளி மழை இல்லை" என்றார். திரும்பவும் கேட்டேன், அதே பதில்தான். கிளிநொச்சியில் அப்போது சிறுகுளங்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. அந்த நேரத்தில் யார் சொன்னாலும் நம்பத்தான் தோன்றும். பட்டிப்பொலவில் இறங்கினால் மழை கிடையாக அடிக்கிறது. கிரிகல்பொத்த இருக்கும் ஹோட்டன் சமவெளியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் நனைந்துகொண்டு நின்ற ஒரு மரை மானைப் பார்த்ததோடு சரி. "மழைக்கு நான் என்ன செய்யிறது?" என்று வான்காரர் கையை விரித்துவிட்டார். திரும்பும்போது சின்னப் பிள்ளைகள் ஏ9 வீதி முழுக்க வாயே திறக்காமல் வந்தார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இதை நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மோதி அங்கேயே மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரம் வற்றிய மிச்சக் காற்றுத்தான் நம்மிடம் சோளகமாக வருகிறது. நமக்குக் கோடை என்றால் அங்கே மழையும் புகாரும் (மூடுபனி). அந்த மலைக்குக் கோடை தை முதல் பங்குனி வரைதான். நமக்கும் அது வசதி: காலபோக நெல் வெட்டு முடிந்திருக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும்.

ஆகவே பங்குனியில் வேறொரு வானில் போனோம். இந்த முறை போகும் வழி, காத்திருக்கும் நேரம், மொத்தத் தொகை எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதி, சாரதியிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டேன்.

ஏன் கிரிகல்பொத்த என்று கேட்பீர்கள். நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகல, 2524 மீற்றர். ஆனால் அதன் உச்சி பாதுகாப்பு வலயம். அடுத்த உயரம் 2388 மீற்றருடன் கிரிகல்பொத்த. சிவனொளிபாதமலையில் உள்ளதுபோலப் படிக்கட்டோ தேத்தண்ணீர்க் கடையோ இங்கே கிடையாது. சமவெளியே 2100 மீற்றருக்கு மேல் இருப்பதால் ஏற்றம் கொஞ்சம்தான் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு வழி மட்டும் ஏறத்தாழ 7 கிலோமீற்றர், அதுவும் இறங்கி ஏறி, இறங்கி ஏறித்தான் போகிறது. இரணைமடுக் குளக்கட்டில் நடந்து பழகுவது மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்குக் காணாது. மிகிந்தலைப் படிகளில் ஏறி இறங்கியதுதான் எங்களுக்கு உதவியது.

முதல் நாள் இரவு அம்பேவலைப் பக்கம் ஓர் அறையில் தங்கினோம். அதிகாலை 4.30க்குச் சாப்பாடு தருவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். எழும்பிப் பார்த்தால் சமையலறை பூட்டு, போனும் நிறுத்தி வைத்திருக்கிறது. மச்சாள் கட்டித் தந்த பொரிவிளாங்காய் உருண்டைகள் இல்லையென்றால் வெறும் வயிற்றோடுதான் மலை ஏறியிருப்போம். தங்குமிடச் சாப்பாட்டை நம்பவே வேண்டாம். பொரிவிளாங்காய் அந்தக் குளிரில் பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும்தான், ஆனாலும் ஓர் உருண்டை நெடுநேரம் தாங்கும்.

சமவெளிப் பூங்காவின் வாயில் காலை 6 மணிக்குத் திறக்கும். அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள், உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு. பைகளை உண்மையாகவே திறந்து பார்க்கிறார்கள். பொலித்தீனை உள்ளே கொண்டுபோக முடியாது. முன்னால் நின்ற ஒரு குடும்பம் பிஸ்கட் பைக்கற்றுகளைக் கிழித்துக் கடதாசியில் கொட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளையும் உரித்து எடுத்துவிடுவார்கள். நாங்கள் புளிச்சோற்றை வாழையிலையில் கட்டியிருந்தோம். பையைத் தொட்டுப் பார்த்த அலுவலர் தமிழிலேயே "நல்லது, போங்கோ" என்றார். அந்த ஒரு சொல்லோடு ஓகஸ்ட் எரிச்சலில் பாதி போய்விட்டது.

உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையைப் பார்க்கப் போகிற கூட்டம் ஒரு பக்கம் போய்விடும். கிரிகல்பொத்தப் பாதையில் ஆட்கள் குறைவு. முதலில் புல்வெளி, பிறகு கரிய சேறு. மேலே காய்ந்ததுபோல் தெரியும், காலை வைத்தால் கணுக்கால்வரை உள்ளே போகும். மருமகனின் சப்பாத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடுங்கியபோது அவன் காலுறையோடு சேற்றில் நின்றான். நாடா இறுக்கிக் கட்டும் சப்பாத்து இல்லாமல் வராதீர்கள்.

பத்து மணி போலப் புகார் இறங்கியது. குள்ள மூங்கில் பற்றைக்குள் மரை நடந்த தடமும் மனிதர் நடந்த தடமும் ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் போன மருமகன் மரைத் தடத்தில் இறங்கிவிட்டான். குரல் மட்டும் கேட்கிறது, ஆளைக் காணவில்லை. நெஞ்சு பதறிவிட்டது. சிக்னல் இல்லை. வீட்டிலேயே போனில் இறக்கி வைத்த வரைபடத்தைப் பார்த்துத்தான் அவனை மேலே கூப்பிட்டு எடுத்தோம். குளிரில் போன் சார்ஜ் வேகமாக இறங்கும், அதை உடம்போடு ஒட்டிய சட்டைப் பையில் வைத்திருங்கள்.

12 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று வீட்டிலேயே பேசி முடித்திருந்தோம். கடைசிப் பாறை ஏற்றத்துக்குக் கீழே நிற்கும்போது 11.20. "மாமா, அந்தா தெரியுது, விடாதேங்கோ" என்றான் அவன். கையையும் ஊன்றி ஏறினோம். மேலே போன கையோடு காற்று புகாரைப் பிரித்துவிட்டது. மேற்கே சிவனொளிபாதமலையின் கூம்பு தனியாக நின்றது. எங்கள் காலுக்குக் கீழே சிவப்புப் பூப் பூத்த, முறுக்கி வளைந்த மரங்கள். மலையே இல்லாத ஊரில் பிறந்த பிள்ளை பேச்சில்லாமல் நின்றான். நானும் அழுதுவிட்டேன்.

இறக்கம் முழங்காலைத்தான் கேட்கும், ஒரு தடி வைத்திருங்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கீழே வந்தபோது 3 மணிகூட ஆகவில்லை. சாரதி காத்திருப்புக்குத் தனியாகக் காசு கேட்டார். துண்டை எடுத்துக் காட்டினேன். 4 மணிவரை காத்திருப்பது மொத்தத் தொகைக்குள் அடக்கம் என்று அவர் கையொப்பத்துக்கு மேலேயே இருந்தது. வாசித்துவிட்டு வானை ஸ்டார்ட் பண்ணினார்.