ஐம்பத்திரண்டு நாள் வந்த சிலிண்டர்

2025 செப்டம்பர் முதல் வாரம் கரண்ட் பில் போனில் வந்தது. 2300 ரூபாய். போன வருஷம் இதே ஜூலை, ஆகஸ்ட் கணக்குக்கு 1616 கட்டியிருந்தோம். இவ்வளவு துல்லியமாக எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் அம்மாவின் கணக்கு. மீட்டர் பெட்டியில் செருகி வைக்கும் வெள்ளை அட்டையின் காலம் போய், பில் மெசேஜில் வர ஆரம்பித்த பிறகும் அவர் எழுதுவதை விடவில்லை. தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு பாதியில் யூனிட், மறு பாதியில் சிலிண்டர் மாற்றிய தேதி. பழைய அட்டைகளெல்லாம் பரணில் கட்டாக இருக்கின்றன.

நாங்கள் அம்பத்தூரில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பழைய ஒரு டன் ஏசி ஒன்று, ஃபிரிட்ஜ், மோட்டார், மூன்று ஃபேன். நான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். 684 ரூபாய் கூடுதலாகப் போய், ஏன் போனது என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டில் இதை ஒரு வியாதி என்கிறார்கள்.

முதல் சந்தேகம் மீட்டர் மேல். எல்லோருக்கும் அப்படித்தான். எங்கள் மீட்டர் முகப்பில் 3200 இம்ப் என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட். ஞாயிற்றுக்கிழமை ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் பார்த்தேன். விளக்கு ஒரு தடவைகூட மின்னவில்லை. கசிவு இல்லை என்று அர்த்தம். அப்புறம் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, 1000 வாட் ஹீட்டர் ராடை மட்டும் மூன்று நிமிஷம் போட்டேன். கணக்குப்படி 160 தடவை மின்ன வேண்டும். மகள் போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி எண்ணிச் சொன்னாள்: 156. வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கும், அந்த வித்தியாசத்துக்கு இது சரிதான். மீட்டர் யோக்கியமானது. இஸ்திரிப் பெட்டியை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது சூடானதும் தானாக நின்று நின்று ஓடும், கணக்குத் தப்பும்.

இதற்குள் எதிர் வீட்டு அக்கா வந்து, "எங்களுக்கு நானூத்தி இருபதுதானே வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டில் இரண்டே பேர், ஏசி இல்லை. 420 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 240 யூனிட். நாங்கள் அதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே எரித்திருக்கிறோம், பில்லோ ஐந்து மடங்குக்கு மேல். தெருவில் நின்று ரூபாயை ஒப்பிட்டால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் தோன்றும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலையாக வாங்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. அங்கே முதல் நூறு இலவசம் என்பதெல்லாம் பேப்பரில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பார்த்தேன். போன வருஷம் 470, இந்த வருஷம் 531. கூடியது 61 யூனிட். அதாவது ஒரு நாளைக்கு ஒரு யூனிட். அதற்கா 684 ரூபாய்?

அதற்குத்தான். 2024 ஜூலையில் வந்து, 2025இல் இந்த பில் வந்தபோதும் வீட்டுக்கு இருந்த கணக்கு இது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 500 வரை 6.30. சரியாக 500 எரித்தால் 1805 ரூபாய். 501 ஆகிவிட்டால் நடுவிலிருந்த அந்த 2.35 சலுகை போய்விடும். அந்த நூறுக்கும் 4.70 போடுவார்கள், 500க்கு மேல் 600 வரை உள்ளதற்கு 8.40. பில் 2048. ஐநூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 243 ரூபாய்! பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், 2022 செப்டம்பருக்கு முன்னால் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். 500 யூனிட்டுக்கு 1130, 510 ஆனால் 1846. அந்தக் காலத்தில் அப்பா ரீடிங் எடுக்க வரும் வாரத்தில் கிரைண்டரையே ஓடவிட மாட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பணம் எங்கே போனது என்பது தெரிந்துவிட்டது. அந்த 61 யூனிட் எதில் போனது? ஏசி பழையதுதான், ஓடிய நேரமும் பழையதுதான். மனைவியிடம் கேட்டேன். "நான் எதையும் கூட்டலைங்க. கேஸ்ல மிச்சம் பிடிச்சிருக்கேன், அதை யாரும் கேக்க மாட்டேங்கறீங்க" என்றாள். அப்போதுதான் காலண்டர் அட்டையின் மறு பாதியைப் பார்த்தேன்.

சிலிண்டர் விலையை அம்மா ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார். 2023 மார்ச்சில் 1118.50. அந்த ஆகஸ்ட் கடைசியில் 918.50. 2024 மார்ச்சில் 818.50. 2025 ஏப்ரலில் ஐம்பது ஏறி 868.50. அந்த ஐம்பதுக்குப் பதிலடியாகத்தான், மைத்துனர் கொடுத்து அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்த இண்டக்‌ஷன் அடுப்பை மனைவி எடுத்து வைத்தாள். காலைக் காப்பி, பிள்ளைகளுக்கு வெந்நீர், ராத்திரிப் பால், அவசர உப்புமா எல்லாம் அதில். முன்பு 38 நாள் வந்த சிலிண்டர் இப்போது 52 நாள். இதைத்தான் அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பாராட்டியிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நடுவில் அம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம். சிலிண்டரில் கேஸ் சரியாக இருக்கிறதா என்று. கொண்டுவந்த தம்பியிடம் எடை போடச் சொன்னார். காலி சிலிண்டரின் எடை கழுத்துப் பட்டையில் பொறித்திருக்கும். அதில் 15.7 இருந்தது. அதோடு 14.2 கிலோ கேஸ் சேர்த்தால் 29.9. தராசும் அதைத்தான் காட்டியது. "நல்ல பிள்ளை" என்று தம்பிக்கு மோர் கொடுத்தார்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த வேலை. 14.2 கிலோ 38 நாள் வந்தால் நாளைக்கு 374 கிராம். 52 நாள் வந்தால் 273. ஆக, நாளுக்கு நூறு கிராம், இரண்டு மாதத்துக்கு ஆறு கிலோ மிச்சம். 868.50 விலையில் கேஸ் கிலோ 61 ரூபாய் விழுகிறது. மிச்சம் 367 ரூபாய்.

அதே வேலைக்குக் கரண்ட் எவ்வளவு? கேஸ் அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், மிச்சம் நம் முகத்தில் அடிக்கும். இண்டக்‌ஷனில் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்து போகும். இதையெல்லாம் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ கேஸ் செய்யும் சமையலுக்கு இண்டக்‌ஷனில் சுமார் பத்து யூனிட் ஆகிறது. ஆறு கிலோவுக்கு அறுபது யூனிட். கூடிய 61 யூனிட்டுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

61 ரூபாய் கேஸுக்குப் பதில் பத்து யூனிட். அந்தப் பத்து யூனிட் 4.70 விலையில் வந்தால் 47 ரூபாய், லாபம். 6.30இல் 63, கிட்டத்தட்ட சமம். 8.40இல் 84, நஷ்டம். எங்கள் வீட்டில் 367 ரூபாய் கேஸை மிச்சம் பிடித்து 684 ரூபாய் கரண்டுக்குக் கட்டியிருக்கிறோம். ஆவடியில் இருக்கும் என் தங்கை வீட்டில் 280 யூனிட்தான் ஆகும். அவள் இதே அடுப்பை வைத்து இதே காப்பியைப் போட்டால் கிலோவுக்கு 14 ரூபாய் மிச்சம். அவளும் என் மனைவியும் போனில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்வது வழக்கம். ஒரே யோசனை ஒரு வீட்டில் லாபம், இன்னொரு வீட்டில் நஷ்டம். கேஸ் பில்லைத் தனியாகப் பார்த்தாலும் கெட்டிக்காரத்தனம், கரண்ட் பில்லைத் தனியாகப் பார்த்தாலும் அநியாயம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. அம்மா ஒரே அட்டையில் எழுதி வைத்திருந்தும் இத்தனை நாளாகக் கண்ணில் படவில்லை.

இண்டக்‌ஷனை மறுபடி பெட்டிக்குள் வைக்கலாம் என்றேன். மனைவி முறைத்தாள். காலையில் இரண்டு அடுப்பும் நிறைந்திருக்கும்போது காப்பிக்கு மூன்றாவது அடுப்பு கிடைத்த சௌகரியம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அம்மா பக்கம் வேறு மாதிரி. அவருடைய ஈயச்சொம்பை இண்டக்‌ஷன் கண்டுகொள்ளாது, அதனால் ரசம் எப்போதும் கேஸில்தான்.

கடைசியில் கையை வைத்தது ஃபேனில். ஹாலில் இருக்கும் பழைய ஃபேன் 75 வாட், தினம் 14 மணி நேரம் சுற்றும். இரண்டு மாதத்துக்கு 63 யூனிட். 30 வாட் மட்டும் இழுக்கும் பிஎல்டிசி என்ற புது வகை ஃபேன் போட்டால் 25 யூனிட்தான். 38 மிச்சம். 531இல் 38 போனால் 493, பில் 1761. சுமார் 540 ரூபாய் குறைகிறது. இண்டக்‌ஷனும் இருக்கலாம், 500க்குள்ளும் இருக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ராத்திரி முழுக்க ஓடும்போது இதெல்லாம் செல்லாது, எப்படியும் தாண்டிவிடுவோம். அப்போது இண்டக்‌ஷனுக்கு லீவு என்று ஒப்பந்தம்.

செப்டம்பர் இரண்டாவது வாரமே ஃபேன் மாட்டியாகிவிட்டது. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் கேஸில்தான் சுட்டோம், இருப்புச் சட்டியின் குழி அடி இண்டக்‌ஷனில் உட்காரவும் உட்காராது. இன்று காலை மீட்டரைப் பார்த்தேன். 48 நாளில் 391 யூனிட். நாளுக்கு எட்டுக்குக் கொஞ்சம் மேல். இன்னும் 12 நாள் இருக்கிறது, இதே வேகத்தில் போனால் 489இல் நிற்கும். அம்மாவிடம் சொன்னேன். காலண்டரில் எழுதிவிட்டு, "ரீடிங் எடுக்குறவர் நாலு நாள் தள்ளி வந்தா?" என்றார்.

அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.