இஸ்ரேலின் யூதரும் அரபியரும்: சகவாழ்வு எங்கே தொடங்க வேண்டும்?

இஸ்ரேல் என்றவுடன் நம்மவர் பேச்சு காஸாவுக்கும் மேற்குக் கரைக்கும் போய்விடுகிறது. அதில் தவறில்லை. ஆனால் அந்நாட்டின் எல்லைக்குள்ளேயே, அதன் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்துக்கொண்டு வாழும் அரபுக் குடிமக்கள் 15 லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள் என்பது அந்தப் பேச்சில் அபூர்வமாகவே இடம்பெறுகிறது. மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் பல்கலைக்கழகத்திலும் யூதரும் அவர்களும் அன்றாடம் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். ஆகவே ஒருவரையொருவர் சந்திக்க வைப்பது பெரிய சவால் இல்லை. சந்திப்பு முடிந்து இருவரும் எந்த ஊருக்கு, எப்படிப்பட்ட வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது என்பது என் கருத்து.

1948ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் மதம், இனம், பால் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடிகளுக்கும் முழுமையான சமூக, அரசியல் சமத்துவத்தை வாக்களித்தது. அதே அரசு தன் அரபுக் குடிமக்களில் பெரும்பாலோரை 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வைத்திருந்தது. 2000 அக்டோபரில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் காவல்துறையால் 13 பேர் கொல்லப்பட்டதை விசாரித்த ஓர் ஆணையம், அரபுக் குடிமக்களை அரசு நடத்திய விதம் புறக்கணிப்பும் பாகுபாடும் நிறைந்தது என்று 2003இல் எழுத்திலேயே பதிவு செய்தது. அரசே அமைத்த ஆணையம் சொன்னது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

நிலத்தின் கதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசு நிலத்தில், யூதர் குடியேற்றத்துக்காக இயங்கும் யூத முகமை என்ற அமைப்பு உருவாக்கிய காட்சிர் என்ற குடியிருப்பில் வீடு கட்ட ஓர் அரபுத் தம்பதியர் இடம் கேட்டனர், கிடைக்கவில்லை. 1995இல் தொடங்கிய வழக்கில், மதத்தையோ இனத்தையோ பார்த்து அரசு நிலம் ஒதுக்கக்கூடாது என்று 2000இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி அஹரோன் பராக் எழுதிய அந்தத் தீர்ப்பு வந்த பின்னரும் அவர்கள் மனைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2011இல் வந்த சட்டமோ, தெற்கிலுள்ள நெகேவ், வடக்கிலுள்ள கலிலேயா பகுதிகளில் 400 குடும்பங்கள் வரையுள்ள சிற்றூர்களின் சேர்க்கைக் குழுக்கள், ஊரின் 'சமூகப் பண்பாட்டுக்குப் பொருந்தாதவர்' என்று கருதும் எவரையும் மறுக்கலாம் என்றது. இன அடிப்படையில் மறுக்கக்கூடாது என்ற வாசகமும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் 'பொருந்தாதவர்' என்று சொல்ல அனுமதித்த பிறகு வேறு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு வரும்? 2023இல் இந்த வரம்பு 700 குடும்பங்களாக உயர்த்தப்பட்டது.

பெயர்ப்பலகைகள் சிறிய விஷயமாகத் தோன்றலாம். அரபியர் கணிசமாக வாழும் கலப்பு நகரங்களில் நகராட்சிப் பலகைகளில் அரபு மொழியும் இருந்தாக வேண்டும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. (தமிழ் வாசகர்களுக்கு இதன் கனத்தை நான் விளக்கத் தேவையில்லை.) 2018இல் வந்த தேசிய அரசுச் சட்டம் ஹீப்ருவை மட்டும் அரசு மொழியாக்கி, அரபுக்குச் 'சிறப்புத் தகுதி' என்ற ஒன்றைக் கொடுத்து ஒதுக்கியது.

இவற்றுக்கு நடுவே நடக்கும் இருமொழிப் பள்ளிகளை நான் மதிக்கிறேன். 'கையோடு கை' என்ற பொருள்படும் யாத் பெ-யாத் அமைப்பு 1998 முதல் நடத்திவரும் பள்ளிகளில், ஹீப்ரு பேசும் ஆசிரியர் ஒருவரும் அரபு பேசும் ஆசிரியர் ஒருவரும் ஒரே வகுப்பறையில் சேர்ந்து பாடம் எடுக்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு தரப்பின் சுதந்திர தினத்தையும், 1948இல் பாலஸ்தீனர் வீடிழந்து இடம்பெயர்ந்ததை மறு தரப்பு நினைவுகூரும் நக்பாவையும் ஒரே கூரையின் கீழ் பேச வேண்டியிருக்கிறது. அங்கும் இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகளின் பேச்சு ஹீப்ருவுக்குச் சாய்ந்துவிடுகிறது. அரபுப் பிள்ளைக்கு ஹீப்ரு பிழைப்பு மொழி, யூதப் பிள்ளைக்கு அரபு வெறும் பாட மொழி. வெளியே உள்ள ஏற்றத்தாழ்வு மதிலேறி உள்ளே குதித்துவிடுகிறது. 2014 நவம்பரில் ஜெருசலேம் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் அறைக்குத் தீவைத்தவர்கள், புற்றுநோயோடு சகவாழ்வு கிடையாது என்று சுவரில் எழுதிவிட்டுப் போனார்கள். பள்ளி மூடப்படவில்லை. ஆனாலும் இப்பள்ளிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 2,000 பிள்ளைகள்தாம் படிக்கிறார்கள். நாட்டின் மாணவர் தொகை 20 லட்சத்தைத் தாண்டும். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தனித்தனிப் பள்ளிகளிலேயே படித்து முடிக்கிறார்கள்.

இதனால்தான் நல்லெண்ண நிகழ்ச்சிகளைவிட வரவு செலவுக் கணக்கை நான் அதிகம் கவனிக்கிறேன். அரபுச் சமூகத்தின் வளர்ச்சிக்கென 2015 டிசம்பரில் எடுக்கப்பட்ட 922ஆம் எண் அமைச்சரவைத் தீர்மானமும், 2021 அக்டோபரில் சுமார் 3,000 கோடி ஷெக்கல் ஒதுக்கிய 550ஆம் எண் தீர்மானமும், எத்தனையோ கைகுலுக்கல் படங்களைவிடப் பயனுள்ளவை. இரண்டாவது தீர்மானம் வந்தபோது மன்சூர் அப்பாஸ் தலைமையிலான அரபுக் கட்சி ஆளுங்கூட்டணியில் இருந்தது. லோத், அக்கோ என்ற கலப்பு நகரங்களில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்ட அந்த ஆண்டின் மே மாதத்துக்கு அடுத்த மாதமே அமைந்த கூட்டணி அது. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பின், 2024இல், அந்த ஒதுக்கீட்டில் வெட்டு விழுந்தது.

அந்தப் பணமும் நிலத் திட்டமும் உயிரோடு எப்படித் தொடர்புடையவை என்பதைப் பாதுகாப்பு அறைகள் காட்டுகின்றன. 1990களின் தொடக்கம் முதல் புதிய வீடு ஒவ்வொன்றிலும் காங்கிரீட் பாதுகாப்பு அறை இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அரபு ஊர்களுக்குக் கட்டட வரைபடம் ஒப்புதலாகாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது மக்கள் அனுமதியின்றிக் கட்டுகிறார்கள், அல்லது பழைய வீட்டிலேயே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். நெகேவில் அரசு அங்கீகரிக்காத, நாடோடி மரபில் வந்த பெடூயின் அரபியரின் ஊர்களில் கட்டட அனுமதி என்ற பேச்சுக்கே இடமில்லை. 2023 அக்டோபர் 7 அன்று அங்கே தகரக் கூரைகளின் கீழ் இருந்த குழந்தைகள் காஸாவிலிருந்து வந்த ஏவுகணைகளுக்குப் பலியானார்கள். 2025 ஜூனில் ஈரானிய ஏவுகணை தாம்ரா என்ற அரபு நகரத்தில் ஒரே குடும்பத்துப் பெண்கள் நால்வரைக் கொன்ற பிறகுதான், அந்த நகரவாசிகளில் பாதிப் பேருக்குக்கூடப் பாதுகாப்பான அறை இல்லை என்று அதன் மேயர் சொன்னது வெளியுலகின் காதில் விழுந்தது. அடுத்த நிதிநிலை அறிக்கையில் அரபு நகரங்களின் கட்டட வரைபடங்களுக்கும் பொதுப் பதுங்கிடங்களுக்கும் எவ்வளவு ஒதுக்கப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் தேடிப் படிப்பேன்.